தேசம்மாவின் முட்டியும் குளத்து ஹீட்டரும்

1

நேற்றுக் காலை ஒரு விருந்தினர் குளத்தின் ஓரம் குனிந்து தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார். என்னைத் திரும்பிப் பார்த்து, "நல்ல சூடு" என்றார். யாராவது இப்படிச் சொன்னால் சிரித்து நன்றி சொல்வது என் வழக்கம். நேற்று தலையை மட்டும் ஆட்டிவிட்டுத் துடைப்பத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டேன். அவர் என்ன நினைத்தாரோ தெரியாது. இங்கே வந்த நாளிலிருந்து நான் அதிகம் பேசாதவன் என்று பேர் வாங்கியிருப்பதால் தப்பாக எடுத்திருக்கமாட்டார்.

நியூசிலாந்தின் தெற்குத் தீவில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றில் எனக்கு வேலை. அறைகளில் குழாய் ஒழுகினால் பார்ப்பது, புல் வெட்டுவது, குப்பை எடுப்பது, குளத்தைக் கவனிப்பது. குளிர்காலத்திலும் வெந்நீர்க் குளம் உண்டு என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் வண்டியைத் திருப்புகிறார்கள் என்று முதலாளி சொல்வார். அவர் குஜராத்காரர், நல்ல மனிதர். மோட்டலின் பின்பக்கம் இரண்டு அறை ஒதுக்கி எங்களைக் குடிவைத்திருக்கிறார்.

அதற்கு முன் மஸ்கட்டில் ஒரு ஓட்டலில் இதே குளம் பார்க்கும் வேலைதான். அங்கே வெயிலில் தண்ணீர் தானாகக் கொதிக்கும், குளிரவைக்கத்தான் இயந்திரம். சூடாக்கும் இயந்திரத்தை இங்கே வந்துதான் பார்த்தேன்.

எங்கள் ஊர் பழவேற்காடு ஏரிக்கரையில், கோட்டைக்குப்பத்தை ஒட்டி இருக்கிறது. வலையும் படகும் உள்ளவர்கள் வேறு. நாங்கள் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். பிடித்ததைப் போட ஒரு ஓலைப் பறி, அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் முதலீடு. என் மனைவி தேசம்மா பத்து வயதிலிருந்து அந்த வேலை செய்தவள். கழுத்தளவு தண்ணீரில் குந்திக்கொண்டே ஒரு திட்டிலிருந்து இன்னொரு திட்டுக்குப் போய்விடுவாள்.

2

எங்களுக்கு இந்த நாட்டில் இருக்க அனுமதி கிடைத்தது அவளால்தான். மஸ்கட்டில் ஒரு வீட்டில் வயதானவரைப் பார்த்துக்கொண்ட அனுபவத்தில், இங்கே முதியோர் இல்லம் ஒன்றில் வேலை கிடைத்து வந்தாள். வயதானவர்களைக் குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, நடக்கவைப்பது. நான் அவள் விசாவில் ஒட்டிக்கொண்டு வந்தவன். மகள் கவிதா அப்போது எட்டு வயதுப் பிள்ளை.

போன வருஷம் இல்லத்தின் குளியலறையில் கனமான ஒரு அம்மாவைத் தாங்கிப் பிடிக்கப்போய் தேசம்மா கீழே விழுந்தாள். வலது முட்டி போய்விட்டது. இங்கே விபத்து என்றால் அரசாங்கமே வைத்தியம் பார்க்கும். ஆனால் விபத்துதானா, பழைய தேய்மானமா என்று முதலில் அவர்கள் முடிவு செய்ய வேண்டும். அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போனில் விசாரித்தாள். சின்ன வயதில் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டாள். தேசம்மா மறைக்கத் தெரியாதவள். ஏரியில் குந்தி இறால் பிடித்ததை எல்லாம் ஆசையாகச் சொன்னாள், காலையிலிருந்து உச்சி வரைக்கும் முட்டியை மடக்கியே இருப்போம் என்றாள். அந்தப் பெண்ணும் ஆர்வமாகக் கேட்டாளாம். பிறகு வந்த பதிலில், முட்டி சிறுவயதிலேயே தேய்ந்திருக்கலாம், மேலும் பரிசோதனைகள் தேவை என்று இருந்தது.

"நல்லாதானேயா பேசினா அந்தப் பொண்ணு" என்றாள் தேசம்மா. "கதை கேட்டாப்ல கேட்டுக்கினு இருந்தாளே."

பரிசோதனை, மறுபரிசோதனை என்று மாதங்கள் போய், கடைசியில் அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல் வந்தபோது இங்கே இலை உதிரத் தொடங்கியிருந்தது. நம் ஊரில் சித்திரை.

அதே நேரத்தில்தான் ஊரிலிருந்து அந்தச் செய்தியும் வந்தது. தேசம்மாவின் தம்பி ஏழுமலைக்குப் பெண் அமைந்துவிட்டது. அவனுக்கு நாற்பதை நெருங்கும் வயது. ஏரியை நம்பி இருக்கிறவனுக்குப் பெண் தரமாட்டோம் என்று எத்தனையோ வீட்டில் சொல்லி, அவனும் வெறுத்துப்போய் இருந்தான். எளாவூர் பக்கத்திலிருந்து ஒரு வீட்டில் சரி என்றார்கள். ஆவணியில் கல்யாணம்.

எங்கள் பக்கம் மாப்பிள்ளை தாலியில் ஒரு முடிச்சுதான் போடுவான். மீதி இரண்டு முடிச்சையும் அவன் கூடப்பிறந்தவள், பெண்ணுக்கு நாத்தனார், போட வேண்டும். ஏழுமலைக்குத் தேசம்மா ஒரே அக்கா. அம்மா இறந்தபோது அவனுக்கு நான்கு வயது, இவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தாள். இந்த இரண்டு முடிச்சுக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். மஸ்கட்டில் சம்பாதித்து வாங்கிய பச்சைப் பட்டுப் புடவை ஒன்றை, "ஏழுமல கல்யாணத்துக்கு" என்று சொல்லி ஒருநாள்கூடக் கட்டாமல் வைத்திருந்தாள்.

போனில் அவன் சொன்னான்: "யக்கா, நீ வராம நான் தாலியத் தொடமாட்டேன், ஆமா."

"போடா டேய். இத்தினி வர்ஷம் கழிச்சி ஒர்த்தி ஒத்துக்கினு கீறா. நீ இப்டி பேசினா அவ எளாவூர் செக்போஸ்ட்டத் தாண்டி ஆந்திராக்கு ஓடிடுவா."

அறுவை செய்த டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இருக்கையில் கால் தொங்கப்போட்டு உட்காரும் அளவுக்கு முட்டி மடங்கினால்தான் இவ்வளவு நீண்ட விமானப் பயணம். இல்லாவிட்டால் ரத்தம் கட்டிக்கொள்ளும், உயிருக்கே ஆபத்து. மடங்கவைக்க ஒரே வழி, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் நின்று பயிற்சி செய்வது. குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால் தசை இறுகிவிடும், இறங்கவே கூடாது என்றாள் பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்.

முதலாளியிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. தேசம்மாதான் ஊன்றுகோலோடு போய்க் கேட்டாள். விருந்தினர்கள் எழுந்திருக்கும் முன் ஒரு மணி நேரம் குளத்தில் இறங்கிக்கொள்ளச் சொன்னார்.

முதல் நாள் இறங்கியவள் கழுத்துவரை மூழ்கிச் சிரித்தாள். "இன்னாயா இது, பவர் ஹவுஸ்காரன் கால்வாயில வுடற சுடுதண்ணி மாரி கீது. நம்ம ஏரி இப்டி இருந்திருந்தா நான் கரையே ஏறியிருக்க மாட்டேன்."

முதல் வாரத்திலேயே முட்டி கொஞ்சம் இசைந்தது. ஆடியில் கிளம்பலாம் என்று டிக்கெட் போட்டோம். அதற்குப் பிறகுதான் ஹீட்டர் அணையத் தொடங்கியது.

3

ஹீட்டர் என்றால் துணி துவைக்கும் இயந்திரத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புப் பெட்டி. குளத்துக்குப் பின்னால், வேலியோரம் வெட்டவெளியில் நிற்கிறது. பக்கத்தில் என் நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கேஸ் சிலிண்டர்கள். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு விசிறி சுற்றும், டிக் டிக் என்று பொறி அடிக்கும், பிறகு புஸ்ஸென்று நீலத் தீ பிடிக்கும். ஒரு சின்னக் கண்ணாடி வழியாக அதைப் பார்க்கலாம். குளத்துத் தண்ணீர் அதன் வழியாக ஓடிச் சூடாகித் திரும்பும்.

ஒரு காலை போனபோது தண்ணீர் பச்சைத் தண்ணீராகக் கிடந்தது. பொத்தானை அழுத்தினேன். தீ பிடித்தது, கொஞ்ச நேரம் எரிந்தது, அணைந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடி அப்படியே.

மஸ்கட்டில் கற்றுக்கொண்ட ஒழுங்கில் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிலிண்டரில் கேஸ் இருந்தது, வால்வு முழுக்கத் திறந்திருந்தது. தண்ணீர் போதுமான வேகத்தில் ஓடாவிட்டால் ஹீட்டர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும் என்று தெரியும். வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தேன். இலையும் பாசியும் அடைத்துக்கொண்டிருந்தது. குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி நன்றாகக் கழுவி மாட்டினேன். ஹீட்டரின் மூடியை மட்டும் நான் திறக்கவில்லை. இந்த நாட்டில் உரிமம் உள்ளவர் தவிர வேறு யாரும் கேஸ் இயந்திரத்தில் கைவைக்கக் கூடாது.

வடிகட்டியைக் கழுவிய அதே பகலில் தெற்கிலிருந்து காற்று கிளம்பியது. இங்கே தென்காற்று என்றால் பனிக்கட்டியிலிருந்து வருகிற காற்று. நம் ஊரில் தென்றல் என்று சொல்லிச் சட்டையைக் கழற்றிவிட்டு உட்காருவோம், இங்கே அது வாடையைவிடக் கொடியது. தேசம்மா சமையலறை ஜன்னலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காத்து எப்டி அடிக்குது பாரு. அப்புறம் இன்னாத்துக்கு அடுப்பு நிக்கும்? ஒரு மறைப்பு கட்டுயா."

எனக்கும் அதுவே தோன்றியிருந்தது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல்திட்டில் தங்கி இறால் பிடிக்கிற நாட்களில், அரிசி களைவதற்கு முன்னால் மறைப்பு கட்டுவோம். மூன்று பக்கமும் ஓலைத்தட்டி, அல்லது பழைய பேனர், மேலே ஒரு தகரம். மறைப்பு இல்லாமல் தீக்குச்சி கிழிக்கிறவனைப் பார்த்து, கல்யாணமாகாதவனா என்று கேட்பார்கள். வெட்டவெளியில் ஹீட்டரை நிறுத்தியவர்கள் மீது எனக்கு முதல் நாளிலிருந்தே ஒரு சந்தேகம் இருந்தது.

கொட்டகையில் பழைய பலகைகளும் தகரத் தகடும் கிடந்தன. தெற்கு, மேற்கு, கிழக்கு மூன்று பக்கமும் நெருக்கமாக நிறுத்தி, மேலே தகரத்தைச் சாய்த்து வைத்தேன். நல்ல மறைப்பு. உள்ளே கையை விட்டால் காற்றே தெரியவில்லை. பொத்தானை அழுத்தினேன். தீ பிடித்தது. தேசம்மா ஜன்னலிலிருந்து கையை ஆட்டினாள். நான் புல் வெட்டப் போய்விட்டேன்.

மறுநாள் காலை மறுபடி பச்சைத் தண்ணீர்.

4

முதலாளி பக்கத்து ஊர் கேஸ்காரருக்குச் சொன்னார். கிரெய்க் என்று பேர், உயரமானவர், எதற்கும் அவசரப்படாதவர். கிளம்பும்போது போன் செய்துவிட்டு வருவார்.

நம் ஊரில் படகு எஞ்சின் பார்க்கப் பொன்னேரியிலிருந்து மெக்கானிக் வந்தால் என்ன செய்வோம்? அவர் வருவதற்குள் எஞ்சினைச் சுற்றிக் கிடக்கும் வலை, கயிறு, கேன் எல்லாவற்றையும் அள்ளி ஒதுக்கிவிடுவோம். சுற்றிப் பெருக்கி, உட்கார ஒரு சாக்கு விரித்து, ஒரு சொம்பு தண்ணீர் வைப்போம். வேலை செய்ய வருகிறவர் நம் குப்பையைத் தாண்டி வரக் கூடாது. அது மரியாதை.

கிரெய்க் போன் செய்ததும் நான் அதைத்தான் செய்தேன். பலகைகளையும் தகரத்தையும் கொட்டகையில் கொண்டுபோய் வைத்தேன். சுற்றிப் பெருக்கினேன். ஒரு நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும் வைத்தேன்.

அவர் மூடியைத் திறந்தார். தீயை உணரும் கம்பியைத் தேய்த்தார், கேஸ் அழுத்தம் பார்த்தார். எரியும் துளைகளில் சிலந்தி கூடு கட்டுமாம், அதையும் ஊதிப் பார்த்தார். ஹீட்டரைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் கவனித்தார். அது ஆடாமல் அசையாமல் எரிந்தது.

"ஒரு குறையும் இல்லையே" என்றார்.

அவர் போன பிறகு சாயங்காலம் காற்று எழுந்தது. பலகைகளை மறுபடி நிறுத்தினேன். காலையில் அணைந்திருந்தது.

இரண்டாவது முறை வந்தபோதும் இப்படியே. பெருக்கினேன், நாற்காலி போட்டேன், அவர் ஏதோ ஒரு பாகத்தை மாற்றினார், நன்றாக எரிந்தது, போனார். அன்று என்னைக் கேட்டார்: "நான் போன பிறகு இங்கே எதையாவது மாற்றினாயா?"

"இல்லை" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. ஹீட்டரை நான் தொடவில்லை. அடுப்புக்கு மறைப்பு வைப்பதை மாற்றம் என்று யார் எண்ணுவார்கள்? சோறு வடித்தாயா என்று கேட்டால், அதற்கு முன் அடுப்பு மூட்டினேன் என்றா சொல்வோம்?

தேசம்மாவுக்கு ஒரு விளக்கம் இருந்தது. "டாக்டரப் பாத்தா நோவு ஓடிடுதுல்ல, அந்த மாரி. அந்த வெள்ளக்காரரக் கண்டா அதுக்கு பயம். நீ இன்னா தடவிக் குடுத்தாலும் உன்ன அது மதிக்கல."

"அவர் கைராசி அப்படி" என்றேன் நான். அவர் வருகிற நாளெல்லாம் காற்றில்லாத நாளாக இருக்கிறது என்றும் நினைத்துக்கொண்டேன்.

இதற்கிடையில் குளம் ஒருநாள் பாதிச் சூடாக இருக்கும், மூன்று நாள் இருக்காது. தேசம்மா தினமும் கரையில் வந்து நின்று, குனிய முடியாததால் ஊன்றுகோலின் நுனியைத் தண்ணீரில் விட்டு, அதைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு உள்ளே போய்விடுவாள். பொதுக் குளம் வேண்டுமானால் மலைப்பாதையில் அடுத்த ஊருக்குப் போக வேண்டும். வாரம் ஒருமுறை முதலாளியின் வண்டியில் கூட்டிப்போனேன். அது போதவில்லை. இசைந்துகொண்டிருந்த முட்டி மறுபடி மரக்கட்டை ஆகிவிட்டது.

5

கவிதா இப்போது ஆக்லாந்தில் படித்துக்கொண்டே வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை பேசுவாள், அதுவும் நாங்கள் கூப்பிட்டால். நான் தமிழில் கேட்க அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவள் ஆங்கிலம் எனக்குப் பாதிதான் பிடிபடும். புரியவில்லை என்று சொல்ல வெட்கப்பட்டு, சரிம்மா சரிம்மா என்பேன். அவளிடம் மிச்சமிருக்கிற பழக்கம் ஒன்றே ஒன்று, என்னை நைனா என்று கூப்பிடுவது. அவள் தோழிகள் அதுதான் என் பேர் என்று நினைக்கிறார்களாம்.

ஹீட்டர் விஷயத்தைச் சொன்னபோது, "போட்டோ எடுத்து அனுப்பு நைனா" என்றாள். இணையத்தில் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

போட்டோ எடுப்பதென்றால் இடம் பார்க்கும்படி இருக்க வேண்டாமா? பலகைகளை ஒதுக்கிவைத்தேன். பெட்டியை ஈரத்துணியால் துடைத்தேன். நான்கு பக்கமிருந்தும் எடுத்து அனுப்பினேன்.

"பளபளன்னு இருக்கு, புதுசு மாதிரி" என்று பதில் வந்தது. குறை எதுவும் தெரியவில்லை என்றாள்.

டிக்கெட்டை ஒருமுறை தள்ளிப்போட்டோம். ஆடி கடைசியில் டாக்டரிடம் போனோம். அவர் தேசம்மாவை மேசை விளிம்பில் உட்காரவைத்து, முட்டியின் கீழே கைகொடுத்து மெல்ல மடக்கிப் பார்த்தார். தேசம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பாதியில் நின்றுவிட்டது. அவர் கையை எடுத்துவிட்டு, வருந்துகிறேன் என்றார்.

"இன்னும் கொஞ்சம் அமுக்கச் சொல்லுயா" என்றாள் என்னிடம். "நோவலன்னு சொல்லு."

நான் அதை ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் நின்றதை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

6

அதற்கு அடுத்த நாள். தேசம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மோட்டலின் முன்பக்கம் ஒரு கதவின் கீலை மாட்டிக்கொண்டிருந்தேன். கிரெய்க் வேறு வேலையாக இந்த வழியாகப் போனவர், அந்த ஹீட்டர் மனதில் உறுத்திக்கொண்டே இருந்ததாம், போன் செய்யாமல் வண்டியைத் திருப்பிவிட்டார். நேராகப் பின்பக்கம் போயிருக்கிறார்.

என்னைக் கூப்பிடும் சத்தம் கேட்டு ஓடினேன். அவர் என் மறைப்பின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றுகொண்டிருந்தார்.

"இது என்ன?"

"காற்றுக்கு" என்றேன்.

"எப்போதிலிருந்து?"

சொன்னேன். பிறகு ஒவ்வொரு பலகையாக எடுத்து வேலியில் சாய்த்தார். தகரத்தைத் தூக்கினார், அதன் அடிப்பக்கம் கருத்திருந்தது. அதை என்னிடம் காட்டி, எனக்குப் புரியும்படி மெதுவாகச் சொன்னார். இந்தப் பெட்டி எரிய நான்கு பக்கமும் காற்று வேண்டும். புகை மேலே போக வழி வேண்டும். நீ இரண்டையும் அடைத்துவிட்டாய். விட்ட புகையையே அது மறுபடி உள்ளே இழுக்கிறது. மூச்சு முட்டித்தான் அணைகிறது. வீட்டுக்குள் இப்படிச் செய்திருந்தால் நீங்கள் இரண்டு பேரும் உயிரோடு இருக்க மாட்டீர்கள்.

"காற்று?" என்றேன். "தென்காற்று?"

அந்தக் காற்றுக்கு இது அணையாது, அதற்கேற்ற மாதிரிதான் செய்திருக்கிறார்கள் என்றார். முதல் தடவை அணைந்தது வடிகட்டி அடைத்ததால் இருக்கும், அதை நீ அன்றைக்கே சரிசெய்துவிட்டாய் என்றார்.

அன்றைக்கே. அந்த வார்த்தையை அவர் என்னைப் பாராட்டும் விதமாகத்தான் சொன்னார்.

பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் வரும்போதெல்லாம் எடுத்து ஒளித்துவைத்தாயா என்று கேட்டார். ஒளிக்கவில்லை, மரியாதைக்கு என்று சொல்ல நினைத்தேன். அந்தச் சொல்லெல்லாம் என் ஆங்கிலத்தில் இல்லை. நானும் சிரித்தேன். என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

நான் உள்ளே போனபோது தேசம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். சொல்லாமல் இருக்கலாமா என்று தோன்றியது. ஆனால் ஜன்னலுக்கு வெளியே பலகைகள் வேலியில் சாய்ந்து கிடந்தன. அவள் ஏற்கெனவே அதைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

அவள் காலை நீட்டியபடி வெகுநேரம் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நான்தானே கட்டச் சொன்னேன்" என்றாள்.

"நீ சொல்லலன்னாலும் கட்டியிருப்பேன்."

"ஆமா. மறைப்பு இல்லாத அடுப்ப நாம எங்கப் பாத்தோம்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். பேமானி, பேஜார் புடிச்சவனே என்று சாதாரண விஷயத்துக்கே திட்டுகிறவள். அன்று எழுந்து போய் அரிசி ஊறவைத்தாள்.

7

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது, வர முடியாது என்று ஏழுமலையிடம் போனில் சொன்னாள்.

"டேய், கீறியா?"

"கீறேங்க்கா."

"நம்ம பெரிம்மா பொண்ணு லச்சுமிய முடிச்சு போடச் சொல்லு. அவளும் அக்காதான்."

"நான் ஒண்ணு போட்டுட்டு நிறுத்திக்கிறேன். நீ எப்ப வர்றியோ அப்ப வந்து மீதியப் போடு. ஒரு வர்ஷம் ஆனாலும் பர்வால்ல."

"வாய மூடு. கட்டிக்கினு வர்ற பொண்ணு அரத் தாலியோட நிக்கணுமா? அவ வூட்டு ஜனம் இன்னா சொல்லும்? மூணும் அன்னிக்கே வுழணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிதாவை நாங்கள் கூப்பிடவில்லை. அவளே கூப்பிட்டாள். இவள் விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதிசயமாகத் தமிழில் சொன்னாள்: "அம்மா, நான் போறேன். உனக்கு பதிலா நான் போய் அந்த நாட் போடறேன்."

தேசம்மா திகைத்துப்போய்ப் பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். பல நாள் கழித்து அவள் அப்படிச் சிரித்தாள்.

"அடியே, ஏழுமல உனுக்குத் தாய்மாமன்டி. நீ அவனக் கட்டிக்கிற முறை. நீ போய் தாலி முடிச்சு போட்டா ஊரே சிரிக்கும்."

"என்னது? மாமாவையா? ச்சீ."

"ஊர்ல இருந்திருந்தா இந்நேரம் உன்னத்தான் கேட்டிருப்பான்."

"அம்மா, ப்ளீஸ், ஸ்டாப்."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இதுகூட அவளுக்குச் சொல்லாமல் வளர்த்திருக்கிறோம் என்று தோன்றியது. அவள் யாருக்கு என்ன முறை என்று நாங்கள் ஒருநாளும் உட்கார்ந்து சொன்னதில்லை. வேலைக்குப் போனோம், வந்தோம், தூங்கினோம்.

ஆனாலும் அவள் போனாள். முடிச்சு போட முடியாவிட்டால் என்ன, போனைப் பிடித்துக் காட்டுகிறேன் என்றாள். மின்சார ரயிலில் பொன்னேரி போய் இறங்கினாள். வழியில் அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பலகையைப் படம் எடுத்து, "நைனா, இங்கதானே நீ ட்ரெயின் ஏறுவே?" என்று அனுப்பினாள். எப்போதோ நான் சொன்னதை அவள் காதில் வாங்கியிருக்கிறாள்.

முகூர்த்தம் அங்கே காலை என்றால் இங்கே மத்தியானம் தாண்டிவிடும். முதலாளி அரைநாள் விடுப்பு கொடுத்தார். தேசம்மா தலைக்குக் குளித்து, பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்தாள். போனை நான் ஒரு டப்பாவில் சாய்த்து வைத்தேன். மேளம் இரைச்சலாக வந்தது. நெரிசலில் கவிதா போனைத் தூக்கிப் பிடித்ததால் பந்தல் ஆடியது. ஏழுமலை தலைப்பாகையோடு உட்கார்ந்திருந்தான். பெண் தலை குனிந்திருந்தது, முகம் தெரியவில்லை. அவன் ஒரு முடிச்சு போட்டான். போட்டுவிட்டுக் கையை எடுக்காமல் திரும்பி போனைப் பார்த்தான்.

"லச்சுமி, வா" என்றாள் தேசம்மா. சத்தமாகச் சொன்னாள், அங்கே மேளத்தைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று. "நல்லா இறுக்கிப் போடு. அவுரக் கூடாது."

லட்சுமி குனிந்து இரண்டு முடிச்சும் போட்டாள். தேசம்மா அரிசியும் பூவும் தயாராக வைத்திருந்தாள். அதைப் போன்மீது போட்டாள். அரிசி கட்டிலெல்லாம் சிதறியது.

இரைச்சல் அடங்கிய பிறகு கவிதா போனைத் தன் பக்கம் திருப்பினாள். வியர்த்துக் கொட்டியிருந்தது. "அம்மா, எல்லாரும் என்ன புடிச்சிப் புடிச்சிப் பாக்கறாங்க. தேசம்மா பொண்ணா, தேசம்மா பொண்ணான்னு. அம்மா ஏன் வரலன்னு கேக்கறாங்க. நான் என்ன சொல்லட்டும்?"

"கால் சரியில்லன்னு சொல்லு" என்றாள். வேறு என்ன சொல்வது?

8

பலகைகளை எடுத்த நாளிலிருந்து ஹீட்டர் நிற்காமல் எரிகிறது. எந்தக் காற்றுக்கும் அசையவில்லை. தேசம்மா தினமும் குளத்தில் இறங்கினாள். நான் சொல்லாமலே இறங்கினாள், முடிந்ததும் ஏறினாள். புரட்டாசி வருவதற்குள் முட்டி மடங்கிவிட்டது. ஒருநாள் காலை ஏறி வந்து துண்டைப் போர்த்திக்கொண்டு, குளத்தங்கரை நாற்காலியில் இரண்டு காலையும் தொங்கப்போட்டு, எல்லாரையும் போல உட்கார்ந்தாள்.

நான் பார்த்துவிட்டேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

"டிக்கெட் போடட்டா?" என்று கேட்டேன். "புதுப் பொண்ணப் பாத்துட்டு வரலாம். கவிதாவும் இன்னும் அங்கதான் இருக்கா. இன்னும் ஒரு வாரம் ஒரு வாரம்னு தள்ளிக்கினு இருக்கா."

அவள் தலைமுடியைப் பிழிந்தாள்.

"இருக்கட்டும். அவ இருக்கட்டும்."

"நீ?"

"நான் போய் இன்னா செய்யப்போறேன். முடிச்சு வுழுந்துட்ச்சி. இனிமே போனா நானும் ஒரு விருந்தாளி. கோழி அடிச்சிப் போடுவாங்க, துன்னுட்டு வரணும்." துண்டை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாள்: "போவலாம். எப்பனா போவலாம். இப்ப வாணாம்யா."

அவளைச் சம்மதிக்கவைக்கும் பேச்சு ஏதாவது இருந்திருக்கும். பேச்சு தெரிந்தவர்கள் பேசியிருப்பார்கள். நான் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அன்று மோட்டலில் விருந்தினர் யாரும் இல்லை. அவள் எழுந்து, ஊன்றுகோல் இல்லாமல் வாசல்வரை நடந்து போய், திரும்பிப் பார்த்தாள்.

"அத்த அணச்சிடுயா. யாரும் இறங்காத தண்ணிக்கு சூடு எதுக்கு?"

நான் பின்பக்கம் போனேன். சின்னக் கண்ணாடிக்குள் நீலத் தீ நேராக நின்று எரிந்துகொண்டிருந்தது. அத்தனை வாரம் தானாக அணைந்துகொண்டே இருந்ததை அன்று நான் கையால் அணைத்தேன்.